ஒரு ‘லி’யும் ஓர் ‘ஆக’வும்

தமிழில் வினையடை என்று தனியாக ஒன்று கிடையாது என்பது கால்டுவெல்லின் கட்சி. 1856இல் வெளிவந்து, 1875இல் அவரே திருத்திப் பெருக்கிய ஒப்பிலக்கணத்தில் இதைச் சொல்லிவிட்டு, அதிகம் மெனக்கெடாமல் அடுத்த காரியத்துக்குப் போய்விடுகிறார். திராவிட மொழிகளில் வினையடைபோல நடமாடுகிற சொற்களை நிறுத்தி விசாரித்தால் ஒன்று பெயராக இருக்கும், அல்லது வினையின் பகுதியாக இருக்கும், அல்லது எச்சமாக இருக்கும். சொந்தமாக ஒரு குலம் அவற்றுக்குக் கிடையாது.

இதை நான் படித்தது கோடைக்கானலில், நாயுடுபுரத்து வாடகை அறையில், இரண்டு கம்பளிக்குள் கிடந்துகொண்டு, கைபேசியில். கால்டுவெல் இறந்துபோனதும் இந்த ஊரில்தான், 1891 ஆகஸ்ட் 28ஆம் தேதி. பிஷப் பொறுப்பை விட்டு இங்கே ஓய்வுக்கு வந்தவர் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. இந்தத் தற்செயலுக்கு அர்த்தம் கற்பிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. வங்கி மாற்றல் உத்தரவுக்கும் ஒப்பிலக்கணத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அது எனக்குக் கௌரவமான காரணம் அல்ல.

எங்கள் கிளையில் ஒரு கடைநிலை ஊழியர். ஐம்பதை நெருங்குகிறவர், மேல்மலைக் கிராமத்துக்காரர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னை சார் என்பார். கிளார்க்காகப் பதவி உயர்வு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. தன்னைப் பற்றி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி இணைக்க வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்பதால் கிளையின் ஆங்கிலம் முழுக்க என் தலையில்தான் விடியும். எழுதித் தருகிறேன் என்றேன். “நீங்க எழுதிக் குடுத்தா அது உங்க லெட்டராப் போயிரும் சார். எப்படின்னு சொல்லிக் குடுங்க, நான் எழுதிக்கிறேன்” என்றார். நாலைந்து சாயங்காலம், கேஷ் மூடிய பிறகு, ரென் அண்ட் மார்ட்டினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வினையடை வந்தது. ஒரே நிமிஷத்தில் முடித்தேன். பெயரடையோடு ‘லி’ சேர்த்தால் வினையடை. ஸ்லோ, ஸ்லோலி. குவிக், குவிக்லி. தமிழில் நாம் ‘ஆக’ சேர்ப்பதுபோல. வேகம், வேகமாக. “அவ்வளவுதானா சார்?” என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

அவர் எழுதிய பக்கத்தில் ஒரு வாக்கியம்: ஐ ஹாவ் வொர்க்ட் ஹார்ட்லி ஃபார் செவன்டீன் இயர்ஸ். பதினேழு வருஷம் பாடுபட்டு உழைத்திருக்கிறேன் என்று சொல்ல வந்தவர், பதினேழு வருஷமாக வேலையே பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். டீ நேரத்தில் ஓர் அதிகாரி அதைச் சத்தம் போட்டுப் படித்தார். “உண்மையைத்தானே எழுதியிருக்காரு” என்றார். கிளை சிரித்தது. நானும் சிரித்தேன். விதி என்னுடையது, அவர் அதைப் பிசகாமல் பின்பற்றியிருந்தார். கிளையிலேயே விதிகளின்படி எழுதிய ஒரே ஆள் அன்று அவர்தான். திருத்தித் தருகிறேன் என்று சொல்லிக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். கடைசித் தேதி போயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தின் ‘லி’ எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல், உருவம். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் மயானத்துக்குள் நுழையுமிடத்தில் பிணத்தை இறக்கிவைக்கக் கூரை போட்ட ஒரு வாயில் இருக்கும். அதற்கு லிச்கேட் என்று பெயர். அந்த லிச்சும் இந்த லியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ‘ஃபிரெண்ட்லி’ என்றால் சிநேகிதனின் உடல் கொண்டது, அதாவது சிநேகிதன் மாதிரி. இதனால்தான் ‘லி’ முதலில் பெயரடைகளையும் கட்டியது: ஃபிரெண்ட்லி, லவ்லி, டெய்லி எல்லாம் இன்றும் பெயரடைகள்தாம். அன்றைக்கு வினையடையின் அடையாளம் ‘லி’ அல்ல. சொல்லின் கடைசியில் ஒட்டிய ஓர் எகரம். ஹார்ட் என்பதற்கும் ஃபாஸ்ட் என்பதற்கும் அந்த எகரம்தான் சேர்ந்தது. நூற்றாண்டுகளின் வாயில் அந்த எகரம் தேய்ந்து உதிர்ந்தது. உதிர்ந்த பிறகு பெயரடையும் வினையடையும் ஒரே முகத்தோடு நின்றன. ஹார்ட் வொர்க் என்பதிலும் வொர்க் ஹார்ட் என்பதிலும் இருப்பது பார்வைக்கு ஒரே சொல். ஒன்றுக்கு வால் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வால் அறுந்ததைக் கண்டு பொறுக்காதவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள். ராபர்ட் லௌத் 1762இல் எழுதிய சிறு இலக்கணம், பெயரடையை அப்படியே வினையடையாகப் பயன்படுத்துவதைப் பிழை என்று ஒதுக்கியது. லௌத்தும் பின்னால் பிஷப் ஆனவர். (இலக்கணத்துக்கும் பிஷப்புகளுக்கும் என்ன பூர்வஜன்ம பந்தமோ தெரியவில்லை.) ‘லி’ போடு என்ற விதிக்குப் பள்ளிக்கூட அந்தஸ்து கிடைத்தது. ஆனால் வாயில் இருந்த பழைய சொல்லைப் பள்ளிக்கூடம் அழிக்க முடியவில்லை. இரண்டும் தங்கின, தங்கியவை வேலையைப் பிரித்துக்கொண்டன. இந்தப் பாகப்பிரிவினையைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. மொட்டையாக நிற்பது உடலோடும் இடத்தோடும் நின்றுகொள்கிறது. ‘லி’ போட்டுக்கொண்டது அரூபத்துக்குப் போய்விடுகிறது. பறவை ஹை ஆகப் பறக்கும், பாராட்டுத்தான் ஹைலி. கிணறு வெட்டுகிறவன் டீப் ஆக வெட்டுவான்; வருத்தம் தெரிவிக்கிறவன் டீப்லி. பக்கத்தில் வந்து நிற்பது நியர்; வராமல் கிட்டத்தட்ட வந்துவிடுவது நியர்லி. கல்லுடைப்பது ஹார்ட், உடைத்தும் உடைக்காதது ஹார்ட்லி. உடல் என்று பொருள்பட்ட ஒட்டு, தான் ஒட்டிய சொற்களிலிருந்தெல்லாம் உடலைக் கழற்றி எறிந்திருக்கிறது.

ஹார்ட்லி எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1611இன் ஆங்கில பைபிளில், செல்வந்தன் பரலோக ராஜ்யத்துக்குள் நுழைவதைப் பற்றி மத்தேயு பத்தொன்பதாம் அதிகாரத்தில் வரும் இடத்தில் இந்தச் சொல் இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள் ‘மிகுந்த சிரமத்தோடு’. சிரமத்தோடு நிகழ்வது அபூர்வமாகத்தான் நிகழும். அபூர்வமாக நிகழ்வது ஏறக்குறைய நிகழாததே. இப்படிப் படியிறங்கிச் சொல் இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. ஆக, எங்கள் அண்ணன் எழுதிய வாக்கியம் தப்பு அல்ல. நானூறு வருஷம் பிந்தியது. அன்றைய ஆங்கிலக்காரன் அதைப் படித்து, மனுஷன் கஷ்டப்பட்டிருக்கிறான் என்றுதான் புரிந்துகொண்டிருப்பான்.

இன்னொன்று. தமிழ் பைபிளைத் திருத்திய குழுவில் கால்டுவெல் இருந்தார். தமிழில் அந்த இடத்தில் உள்ள சொல் ‘அரிது’. பழந்தமிழில் அரிது என்றால் செய்வதற்குக் கடினம். ‘அரிதின் முயன்று’ என்று பதிப்பாசிரியர்கள் முன்னுரைகளில் எழுதினார்களே, அந்த அரிது. இன்று ‘அரிதாக’ என்றால் எப்போதாவது. சிரமம் என்ற பொருள் கரைந்து, அபூர்வம் என்ற பொருள் மிஞ்சியிருக்கிறது. ஹார்ட்லி இறங்கிய அதே படிகளில் அரிதும் இறங்கியிருக்கிறது. ஒரு வித்தியாசம்: தமிழில் அது இறங்கும்போது கையில் ‘ஆக’ என்ற ஒட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

இப்போது கால்டுவெல்லோடு கணக்குப் பார்க்கலாம். தமிழின் வினையடை வேறு ஏதோ சொல்லிலிருந்து வந்தது, ஆகவே அது வினையடை அல்ல என்றால், ஆங்கிலத்துக்கும் வினையடை கிடையாது. ‘லி’ ஒரு பெயர்ச்சொல்லின் சவம். பிரெஞ்சுக்கும் ஸ்பானிஷுக்கும் கிடையாது. அவர்களுடைய வினையடை ஒட்டு லத்தீனில் மனம் என்று பொருள்படும் சொல்லின் வேற்றுமை உருவம். இன்ன மனத்தோடு செய்தான் என்று தொடங்கி, மனமே இல்லாத கல்லும் தண்ணீரும்கூட அந்த மனத்தோடு உருண்டும் ஓடியும் பழகிவிட்டன. பிறப்பைக் கேட்டால் எந்த மொழியின் வினையடையும் வாயைத் திறக்க முடியாது.

ஆனால் இந்த மறுப்பு அத்தனை சுலபமாகச் செல்லாது. நான் முதலில் இதோடு திருப்திப்பட்டுக்கொண்டு தூங்கப் போனேன். மறுநாள் கவுண்டரில் அது இடறிற்று. ‘லி’ சொல்கிற ஆங்கிலேயன் எவனுக்கும் உடல் ஞாபகம் வருவதில்லை. ஆனால் ‘நிறையப் பேசினான்’ என்கிறபோது, நிறை என்ற வினை தமிழனின் காதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. குடம் நிறையத் தண்ணீர் பிடித்ததும், வயிறு நிறையச் சாப்பிட்டதும், நிறையப் பேசியதும் ஒரே நிறைதல். மெல்ல, சுற்ற, கிட்ட, நிறைய என்று எதைத் தொட்டாலும் தையல் தெரிகிறது. கால்டுவெல் பார்த்தது இந்தத் தையலை. அதைப் பார்த்த அளவில் அவர் கண் பழுதில்லாதது. 1841இல் சென்னையிலிருந்து நெல்லைச் சீமைக்குச் சுற்றுவழியாக நடந்தே போன மனிதர். பேச்சை வாயிலிருந்து கேட்டவர். தமிழில் வினையடை இல்லை என்று அவர் சொன்னதில் பிழை இல்லை. அதைக் குறையென்று படித்தது நாம்.

குறை என்று நினைத்த பிறகு அதை நிரப்ப ஆட்கள் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூட இலக்கணம் ‘அட்வெர்ப்’ என்பதற்கு ஈடு தேடி வினையுரிச்சொல் என்று ஒரு சொல்லை உண்டாக்கிற்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாவது இயலில் தன்பாட்டுக்கு இருந்த உரிச்சொல்லுக்கு ஆங்கிலேயன் தைத்த கோட்டை மாட்டினார்கள். உரிச்சொல்லில் நனியும் தவவும் சாலவும் இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் அந்த இயலின் கவலை வேறு, அது பொருள் விளங்காத சொற்களுக்குப் பொருள் சொல்லப் போகிற இயல். கோட்டு பொருந்தவில்லை என்பதைப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் வினையடை என்ற பெயருக்கு மாறினார்கள். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வினையடையைத் தனிச் சொல்வகையாகக் குறித்தது. 1999இல் எம்.ஏ. நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணம் அதற்கு இடம் ஒதுக்கிற்று. இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. இன்று எழுதப்படும் தமிழை விவரிக்க வந்தவர்கள் இன்று எழுதப்படுவதைத்தான் விவரிக்க முடியும். என் சண்டை, இன்று எழுதப்படும் அந்தத் தமிழோடு.

அதில் ‘ஆக’ பெருகிக் கிடக்கிறது. திருவிழா எப்போதும் கோலாகலமாக நடக்கிறது, கல்யாணம் விமரிசையாக. தேடுதல் தீவிரமாக. அறுவை சிகிச்சை வெற்றிகரமாக. போலீஸ்காரர்கள் மட்டும் வலைவீசித் தேடுகிறார்கள்; செய்தித்தாளில் தப்பிப் பிழைத்த அந்த ஒரு எச்சத்தில், தேய்ந்துபோனாலும், ஒரு மனிதன் ஒரு காரியம் செய்கிறான். ‘துரதிருஷ்டவசமாக’ என்று வாக்கியத்தைத் தொடங்குகிறோம். நம் பாட்டிகள் ‘என் போதாத காலம்’ என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பிப்பார்கள். முன்னதில் துரதிருஷ்டம் யாருடையது என்று தெரியாது. அது வானத்தில் தொங்குகிறது.

சிறுபத்திரிகை விமர்சனமும் இதற்கு விலக்கல்ல, சொல்லப்போனால் மோசம். அடிப்படையாக, முழுமையாக, தீர்க்கமாக, காத்திரமாக, நுட்பமாக. ஒரு கவிதை நுட்பமாக இயங்குகிறது என்று எழுதிவிட்டால், எந்தச் சொல் எந்தச் சொல்லை எப்படி அசைத்தது என்று காட்டுகிற வேலை மிச்சம். விமர்சகன் பார்க்காமல் விட்ட இடத்தில் ‘ஆக’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் எழுதிய பழைய மதிப்புரை ஒன்றைச் சென்ற மாதம் எடுத்து எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே வெளியிடுவதாக இல்லை.

கவிதையிலும் செய்திருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன், சமவெளியில் இருந்தபோது, நின்றுபோன ஒரு பத்திரிகையில் எழுதினேன்: ‘மெதுவாக / மௌனமாக / முடிவற்றதாக / பனி இறங்குகிறது / என்மேல்’. நாலு பேர் நன்றாயிருக்கிறது என்றார்கள். அன்று நான் பனியைப் பார்த்ததே கிடையாது. மார்கழிக் காலையில் பஸ் கண்ணாடியில் பார்த்தது பனியோடு சேர்த்தி இல்லை. பனி பின் எப்படி இறங்கும், சத்தம் போட்டுக்கொண்டா? இங்கே வந்த முதல் டிசம்பரில் ஒரு நாள் மூன்று மணிக்குப் பார்த்தேன். ஏரியை மூடி, ஏழு ரோடு சந்திப்பை மூடி, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தின்று, எங்கள் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்து நின்றது. கதவுக்கு வெளியே நின்ற காவலாளியின் தொப்பி தெரிந்தது, ஆள் இல்லை. மெதுவாக வந்ததா, வேகமாக வந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மூடி, தின்று, வந்து: ஒவ்வொன்றும் ஒரு செயல், தன் காலத்தோடும் தன் எழுவாயோடும் அடுத்த செயலுக்குள் இறங்கிக்கொள்கிறது. ‘எப்படி’ என்ற கேள்விக்குத் தமிழ் கொடுக்கிற பதில் இன்னொரு வினை.

ஒரு தவறான புரிதலை இங்கேயே தடுத்துவிட வேண்டும். வினையடையைக் கண்ட இடத்தில் வெட்டு என்று அமெரிக்க எழுத்துப் பட்டறைகள் உபதேசிக்கின்றன. அதை நான் தமிழில் மறு ஒலிபரப்புச் செய்யவில்லை. அந்த உபதேசம் அவர்களுடைய ‘லி’க்காக உண்டானது. அதைக் கொண்டுவந்து இங்கே மாட்டினால் அதுவும் இன்னொரு வினையுரிச்சொல் கோட்டுத்தான். ‘ஆக’வும் பிறவியிலேயே குற்றவாளி அல்ல. அது ஆகு என்ற வினையின் எச்சம். ‘கல்லாய் நின்றாள்’ என்கிறபோது ஒருத்தி கல் ஆகிவிடுகிறாள். ‘பேயாய்ப் பறக்கிறான்’ என்கிறபோது பேய் ஆகிவிடுகிறான். ஆகுதல் அங்கே நடக்கிறது. ‘முழுமையாக’ என்பதில் எதுவும் எதுவாகவும் ஆகவில்லை. ‘லி’க்கு வந்த கதி ‘ஆக’வுக்கு வந்துகொண்டிருக்கிறது, நம் கண்ணெதிரில், நம் கையால்.

பேச்சு இன்னும் பிழைத்திருக்கிறது. கவுண்டருக்கு வரும் மேல்மலைப் பூண்டு விவசாயி “சட்டுனு முடிச்சுக் குடுங்க, பஸ்ஸு போயிரும்” என்கிறார். சட்டென்று: ‘சட்’ என்று சொல்லிக்கொண்டு. டக்குனு, படார்னு, திடீர்னு எல்லாவற்றிலும் என் என்ற வினை உட்கார்ந்திருக்கிறது. தமிழனின் வேகம் வாய் திறந்து பேசுகிறது. இந்த ‘என’ ஓசைக்கு மட்டுமல்ல, எண்ணத்துக்கும் வாய் கொடுக்கும். இதே பழனி மலைத்தொடரை ஆண்ட பேகன், மயிலுக்குக் குளிருமென்று போர்வை கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த ‘என்று’ இல்லாவிட்டால் அவன் வெறுமனே துணியைத் தொலைத்தவன். அப்புறம் ‘பைய’. மதுரைக்குத் தெற்கே உயிரோடு இருக்கிற சொல், எழுத்திலிருந்து நாம் துரத்திய சொல். அந்த இடத்தில் ‘மெதுவாக’ நிற்கிறது, ரசமில்லாமல். ‘சும்மா’ என்பதை ஆங்கிலப்படுத்தச் சொல்லி எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் பட்டம் வாங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் எல்லாவற்றிலும் என்னை நிறுத்தியது வேறொரு வகை. ‘லி’ என்றால் உடல் என்று படித்த பிறகுதான் அது உறைத்தது. கால் கடுக்க நின்றான். தொண்டை வறளக் கத்தினான். கண் குளிரப் பார்த்தாள். வாய் வலிக்கச் சொன்னேன். கை நடுங்கக் கையெழுத்துப் போட்டார். இவற்றில் ‘கடுக்க’வும் ‘வறள’வும் எச்சங்கள்தாம், கால்டுவெல் சொன்னபடி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் எழுவாய் இருக்கிறது. நிற்பவன் அவன், கடுப்பது அவன் கால். ஒரு வாக்கியத்துக்குள் சின்னதாக ஒரு வாக்கியம், உடம்பின் ஒரு பாகத்தை எழுவாயாக வைத்துக்கொண்டு. ஆங்கிலக்காரன் ஆயிரம் வருஷத்துக்கு முன் சொல்லோடு சேர்த்துக் கட்டி, பிறகு தொலைத்த உடல், தமிழில் கட்டப்படாமல், தொலையாமல், கால் கையோடு நடமாடிக்கொண்டிருக்கிறது. இது வினையடை இல்லாத மொழியா? புத்தகத்தின் அர்த்தத்தில் இல்லாத மொழிதான். இல்லாமல் இருந்ததாலேயே இதெல்லாம் இருக்கிறது.

கால்டுவெல்லின் கல்லறை கோடைக்கானலில் இல்லை. அவரை இடையன்குடிக்குக் கொண்டுபோய், அவரே கட்டிய தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1891இல் இந்த மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. மனிதர்கள் குதிரைமேலும், ஆட்கள் சுமக்கும் நாற்காலிகளிலும் டோலிகளிலும் ஏறி இறங்கினார்கள். அவர் உடலை மலையிலிருந்து இறக்கியதும் சுமைகாரர்களின் தோளாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பெயர் எதுவும் நான் பார்த்த எதிலும் இல்லை. அடிவாரத்தில் இறக்கிவைத்தபோது அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். தோள் இற்றுப்போகத் தூக்கியதையும் முழங்கால் நடுங்க இறங்கியதையும் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்கள். பேராயர் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் எச்சம் என்று குறித்துக்கொண்டிருப்பார். பிழை சொல்ல முடியாது.

விண்ணப்ப விவகாரம் நடந்து சில வாரம் கழித்து அண்ணனிடம் பேசினேன். மன்னிப்புக் கேட்கப் போனவன், கேட்க வாய் வராமல், 1611ஐப் பற்றிச் சொற்பொழிவு செய்தேன். அவர் எழுதியது அந்தக் காலத்தில் சரியான ஆங்கிலம் என்றேன். கேட்டுக்கொண்டு டம்ளர்களைக் கழுவினார். “அப்ப நாந்தான் லேட்டாப் பொறந்துட்டேன்” என்றார். நான் கவனித்தது அவர் கசப்பை அல்ல, ‘லேட்டா’வை, இலக்கணம் பிடித்த மனசு அப்படித்தான் கேவலமாக வேலை செய்யும். லேட்டா வந்தான், ஹார்டா இருக்கு, ஸ்ட்ராங்கா போடு: தமிழ் வாய் ஆங்கிலப் பெயரடையை எடுத்து ஓர் ஆகாரத்தைப் போட்டு வினையடை ஆக்குகிறபோது ஒரு தடவைகூடத் தவறுவதில்லை. லேட்டையும் லேட்லியையும் அங்கே யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ‘லி’யும் ‘ஆக’வும் ஒன்று என்று நான் சொல்லிக்கொடுத்த இடத்தில்தான் குழப்பம்.

நீங்கள் என்ன எழுத நினைத்தீர்கள், தமிழில் சொல்லுங்கள் என்றேன். அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இடுப்பு ஒடிய ஒழச்சிருக்கேன்னு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மாடா ஒழச்சேன்னு போடலாமா, அது அசிங்கமா இருக்குமில்ல?” என்றார். இரண்டும் இருந்தன: ஒன்றில் இடுப்பு ஒடிகிறது, மற்றதில் மனிதன் மாடாகிறான். ஆங்கிலத்தில் முதுகை ஒடிக்கிற வேலை என்று வேலைக்கு ஒரு பெயரடை உண்டு. முதுகு ஒடிய உழைத்தேன் என்று செயலோடு ஒட்டிச் சொல்ல அதன் வாலில் ‘லி’யைத் தைத்தால் கேட்கிறவன் சிரிப்பான். மறுபடியும் சிரிப்பு. கடைசியில் வொர்க்ட் ஹார்ட் என்றே போடலாம் என்றேன். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் அந்த நாலெழுத்துச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். “இம்புட்டுத்தானா?” என்றார்.

இந்த வருஷச் சுற்றறிக்கை போன வாரம் வந்தது. ஒரு பிரதி எடுத்து அவரிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடைசித் தேதி இருபத்தெட்டு என்றேன்.

“பையப் பாப்போம் சார்” என்றார்.